பதினாலரை கஜம் காற்று

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் மூன்றாவது தெருவுக்கு, 1987 தீபாவளி கழிந்து வாய்த்த முதல் சுவாரஸ்யமான செய்தி இதுதான்: ஸ்ரீரங்கன் வீட்டு வாசலில் மீன்கூடை அரை மணி நேரம் நிற்கிறது.

கூடை இறங்குவதில் புதுமை இல்லை. தெருவில் நிழல் என்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டுப் புங்கமரம் ஒன்றுதான். கோவளத்திலிருந்து டெம்போவில் வரும் செல்வமேரி அங்கே கூடையை இறக்கி, மீன் தின்னும் நான்கு வீட்டுக்காரர்களையும் குரல் கொடுத்து வரவழைத்து, சங்கராவையும் வவ்வாலையும் தலையில் கட்டிவிட்டுப் போவது பழைய ஏற்பாடு. பூண்டு கூட எட்டிப் பார்க்காத ஸ்ரீரங்கன் வீடு நிழலை மட்டும் தானம் செய்துவந்தது. இப்போதோ கூடை காலியான பிறகும் கிளம்புவதில்லை. கேட்டுக்கு உள்ளே ஸ்ரீரங்கனின் மனைவி சாவித்ரி, வெளியே செல்வமேரி, நடுவே ஓயாத பேச்சு. போதாக்குறைக்கு சாவித்ரியின் கையில் ஒரு நோட்டு.

"பக்குவம் எழுதிக்கறா," என்றாள் எதிர்வீட்டு காமு மாமி, தன் வீட்டு ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல்ல எழுதிப்பா. அப்புறம் ஒரு நாள் சும்மா பண்ணித்தான் பாப்பமேன்னு தோணும். எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்."

காமு மாமிக்குப் பகவான் பிள்ளைகுட்டி கொடுக்கவில்லை, தெருவைப் பார்த்த ஜன்னல் கொடுத்திருந்தான். கொடுத்ததை வீணாக்கும் சுபாவம் அவளுக்கு இல்லை.

உண்மை மாமியின் யூகத்தைவிட விசித்திரமானது. சாவித்ரி தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் மதிய ஷிஃப்டில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தாள். ஒன்பது வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாக வேண்டுமென்றால் எம்.ஃபில். வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பகுதி நேரத்தில் படிக்கப் பதிவு செய்தாள். ஒரு வருஷம் மாமியார் படுத்த படுக்கையாகிப் போய்ச் சேர்ந்தார். இன்னொரு வருஷம் அவளுக்கே டைஃபாய்டு. இரண்டு தடவை தவணை நீட்டிப்பு வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது. 1988 மார்ச் 31, மாலை நான்கு மணி. அதற்குள் ஆய்வேடு சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் பதிவு ரத்து, ஜூன் மாதம் வேலையும் காலி.

ஆய்வு, கட்டுமரத்தின் பாய் காற்றிலிருந்து எவ்வளவு திறனைப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பற்றியது.

"அதாவது, பாய் எத்தனை குதிரை?" என்று ஸ்ரீரங்கன் சுருக்கினார். தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எதையும் ஒரு வரிக்குள் அடக்காமல் விடமாட்டார். வேடிக்கை என்னவென்றால், தெருவில் எல்லோரும் அவரிடம்தான் விசாரிப்பார்கள்: "என்ன சார், தீசிஸ் எப்படிப் போறது?" அவரும் வாய் கூசாமல் "போயிண்டிருக்கு" என்பார். சாவித்ரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கணக்கு என்னவோ எளிதுதான். பாய் எத்தனை கிலோ இழுக்கிறது, மரம் நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடுகிறது. இரண்டையும் பெருக்கி எழுபத்தைந்து வந்தால் ஒரு குதிரைத் திறன். ஆனால் இரண்டு எண்களும் கடலில் இருந்தன, சாவித்ரி சேலையூரில் இருந்தாள். கோவளத்துக்கே போனாலும் பயனில்லை. பெண்பிள்ளை கால் பட்ட மரத்துக்கு மீன் வராது என்பது அங்கத்திய சட்டம். செல்வமேரியே தன் புருஷன் ஏசுபாதத்தின் மரத்தில் ஒரு நாளும் ஏறியதில்லை. அதனால்தான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே விசாரணை.

"உங்க வீட்டுக்காரர் பாய் எவ்வளவு பெரிசு?"

"காடாத்துணி பதினாலரை கஜம், டீச்சரம்மா. முழம் போட்டு வாங்கியாந்து நாந்தான் தெச்சேன். கோணி ஊசி. வெரல்ல தழும்பு கீது பாரு."

சாவித்ரி தழும்பைப் பார்த்தாள். துணியின் அகலத்தைக் கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டு சதுர மீட்டர் என்று எழுதிக்கொண்டாள்.

"சரி, பாய் விரிச்சா எவ்வளவு நேரத்துல கரைக்கு வருவார்?"

"அத்த எப்டி சொல்றது... வலை போடற பாறை கிட்ட பாய் ஏத்தினா கரையில நின்னா தெரியும். பாத்த ஒடனே உலை வெப்பேன். சோறு வடிக்கறதுக்கும் அவரு கரையில கால் வெக்கறதுக்கும் சரியா இருக்கும். காத்து கம்மின்னா சோறு கொழஞ்சிடும். அதுக்கும் என்னியத்தான் திட்டுவாரு."

மறுநாளே சாவித்ரி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கேட்டுக்கு வெளியே கொடுத்தாள். இதைப் பார்த்த காமு மாமிக்கு அன்று மத்தியானம் தூக்கம் போயிற்று. இரண்டு வாரம் செல்வமேரி கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றாள். எழுதத் தெரியாது, பெரிய முள் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று மீன் வெட்டும் பலகையின் பின்பக்கம் கரியால் கோடு போட்டுக் கொண்டுவந்தாள். முப்பத்து மூன்று நிமிஷம், முப்பத்து இரண்டு, முப்பத்தைந்து. வரைபடத்தில் அந்தப் பாறை கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர். நொடிக்கு இரண்டு மீட்டர். கல்லூரிச் சோதனைச்சாலையில்கூட இவ்வளவு ஒழுங்கான அளவுகள் சாவித்ரிக்குக் கிடைத்ததில்லை.

பாக்கி இருந்தது இழுப்பு. அதற்கு மொட்டைமாடி. ஸ்ரீரங்கனின் நாலு முழ வேட்டி ஒன்றை மூங்கில் சட்டத்தில் கட்டி, பின்னால் வில்தராசு மாட்டி, பக்கத்தில் காற்றின் வேகம் காட்டும் கிண்ணக் கருவியைச் சுழலவிட்டாள்.

"ஆம்படையான் வேஷ்டியைக் காத்துல எடை போடறா!" காமு மாமி இந்த முறை தெருமுனை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாவித்ரி அளந்ததெல்லாம் காலையில். காலையில் காற்றே இல்லை. மாமிதான் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் ஜன்னலிலிருந்து கத்தினாள்: "நீ காலேஜுக்குப் போனப்புறம் மூணு மணிக்கு வந்து பாருடி! கடல்காத்து அப்பத்தான் இங்க வந்து சேர்றது. நேத்து உன் ஆத்துக்காரர் வேஷ்டி மடிப்பாக்கம் போயிடும் போல இருந்தது!"

சாவித்ரி ஒரு வாரம் லீவு போட்டு மூன்று மணிக்கு மாடியேறினாள். மாமி சொன்னது நூற்றுக்கு நூறு. நொடிக்கு ஆறு மீட்டர் காற்று. வேட்டி ஐந்து கிலோவுக்கு மேல் இழுத்தது. பாய் வேட்டியைப் போல ஆறு மடங்கு. ஆக முப்பத்தோரு கிலோ. வேகம் இரண்டால் பெருக்கினால் அறுபத்திரண்டு. முக்கால் குதிரைக்கும் மேலே!

மறுநாள் கேட்டுக்குப் பின்னால் ரிசல்ட் வாசித்தாள். செல்வமேரி சிரித்த சிரிப்பில் கூடைமேல் உட்கார்ந்திருந்த காக்காய் பறந்தது.

"முப்பது கிலோவா? அடப்போம்மா. அவ்ளோ இழுத்தா அவரு ஒத்தக் கையில பாய்க்கயிற புடிச்சிகினு ஒத்தக் கையில பீடி குடிக்க முடியுமா?"

"ஆனா கணக்கு சரியா இருக்கே..."

"இன்னா கணக்கு! உன் வேட்டி நின்ன எடத்துல நின்னுகினு கீது. எங்க பாய் ஓடுது. காத்துகூடவே ஓடறவனுக்குக் காத்து ஏது? தோ, நான் வர்ற டெம்போவ பாரு. எங்க கரையில காலைலயே கடல்காத்து, கெளம்பி வர்றப்போ அது பின்னால. கூடை மேல போட்ட தார்ப்பாய் பொணம் மாதிரி படுத்துகினு வருது. மத்தியானம் எதிர்க்காத்துல திரும்பிப் போறேன், அதே தார்ப்பாய் மூஞ்சில படபடன்னு அடிக்குது. அதே டிரைவரு, அதே ஸ்பீடு."

சாவித்ரி நோட்டை மூடினாள். திறந்தாள். திரும்ப மூடினாள். இயற்பியல் வாத்தியாரம்மாவுக்கு இது தெரியாதா என்று கேட்டால், தெரியும். கரும்பலகையில் நூறு தடவை எழுதியிருக்கிறாள். வேட்டியைக் கட்டின மயக்கத்தில் மறந்துபோயிற்று. காற்று ஆறு மீட்டர், மரம் அதே திசையில் இரண்டு மீட்டர். பாய்க்குப் படும் காற்று நான்குதான். இழுப்பு வேகத்தின் வர்க்கத்தில் மாறுவதால், காற்று மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் இழுப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். முப்பத்தொன்று பதினாலு கிலோவாயிற்று. முக்கால் குதிரை, கால் குதிரைக்கும் அரைக் குதிரைக்கும் நடுவே வந்து நின்றது.

அந்தப் பக்கத்தின் தலையில் வழக்கம்போல எழுதினாள்: 'தகவல்: ஏசுபாதம், மீனவர், கோவளம்.'

ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடு கணக்கைப் பார்த்துத் தலையாட்டினார். "சரியாத்தான் இருக்கு. ஆனா காகிதம் சொன்னாப் போதாது, கடல் சொல்லணும். மரத்தைக் கயிறு கட்டி அதே வேகத்துல இழுத்துப் பாருங்க. தராசு பதினாலு காட்டினா ஒத்துக்கறேன்."

கல்லூரித் தராசு பத்து கிலோவுக்கு மேல் காட்டாது. இருபது கிலோ காட்டும் வில்தராசு அந்த வட்டாரத்தில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது: பழைய பேப்பர்காரன் குப்பன்.

"ஒரு நாளைக்குக் குடுங்க குப்பன். ஆனா முதல்ல நிஜப் படிக்கல்லு மாட்டி சரிபாக்கணும்."

குப்பன் தராசை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினான். "படிக்கல்லா? அதெல்லாம் எதுக்கும்மா? தராசு நல்லாத்தான் கீது. தெருவே நம்புது."

"அதனாலதான் கேக்கறேன்."

குப்பன் தாடையைச் சொறிந்தான். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "உள்ள வெச்சு பாருங்கம்மா. கதவ சாத்திக்குங்க. இன்னா வந்தாலும் வெளிய சொல்லாதீங்க. எம்பேரு மட்டும் எங்கியும் வரக்கூடாது," என்றான்.

மளிகைக்கடையில் வாங்கிவந்த இரண்டு ஐந்து கிலோ கல்லையும் சமையலறைக்குள் மாட்டினாள். பத்து கிலோவுக்கு முள் எட்டரையில் நின்று அழகாக ஆடியது. குப்பன் கூரையைப் பார்த்தான். இரும்பு இரண்டு தடவை 'டங்' என்றது எதிர்வீட்டுக்குக் கேட்காமல் இருக்குமா?

"எவ்வளவுடி காட்டறது?" பதினோரு வருஷத்து வாரப் பத்திரிகைகளை அந்தத் தராசில் போட்டுக் கொடுத்தவள் காமு மாமி. "எங்கிட்ட மட்டும் சொல்லு."

"தீசிஸ்ல வரும் மாமி."

"தமிழ்லயா?"

"இங்கிலீஷ்ல."

"நீயும் உன் தீசிஸும்!" ஜன்னல் சாத்திக்கொண்டது. ஐந்து நிமிஷம்தான்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில், கடல் உள்ளே நுழைந்து அமைதியாகக் கிடக்கும் கழிமுகத்தில் சோதனை. ஏசுபாதத்தின் பங்காளி ஒருவரின் மோட்டார் படகு இழுக்க, பின்னால் கயிறு, நடுவே குப்பனின் தராசு, கடைசியில் பாய் இறக்கிய கட்டுமரம். தராசு பார்க்க யாராவது போட்டில் ஏற வேண்டும். சாவித்ரி ஏறக்கூடாது. ஆகவே ஸ்ரீரங்கன் ஏறினார். அதுவரை அவர் இறங்கிய மிக ஆழமான நீர்நிலை வீட்டுத் தொட்டி. வேட்டியை மடித்துக் கட்டி, கையில் பென்சில், வாயில் பெருமாள் பெயர்.

"ஏன்னா, எவ்வளவு காட்டறது?" என்று கரையிலிருந்து சாவித்ரி கத்தினாள்.

"ஆடறது!"

"தராசா?"

"எல்லாமே!"

மரத்தின் மேல் நின்ற ஏசுபாதம் நெடுநெடுவென்று ஒரு மனிதர், அதிகம் பேசாதவர். "சார், முள்ள பாருங்க. தண்ணிய பாக்காதீங்க," என்று மட்டும் சொன்னார். ஆறு தடவை இழுத்தார்கள். பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டரை, பன்னிரண்டு, கடைசித் தடவை ஸ்ரீரங்கன் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை.

பன்னிரண்டு. பதினாலு இல்லை. சாவித்ரி நோட்டில் பதினாலுக்குப் பக்கத்தில் அதை எழுதினாள். கரையில் நின்றபடியே ஐந்து நிமிஷம் அந்த எண்ணை வெறித்தாள். அப்புறம்தான் உறைத்தது: இது குப்பனின் பன்னிரண்டு! குப்பனின் எட்டரை நிஜத்தில் பத்து. அப்படியானால் குப்பனின் பன்னிரண்டு... மணலில் குந்தி விரலால் வகுத்தாள். பதினாலு. பதினாலும் கொசுறும்.

அந்த மணல்மேல் அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, போட்டிலிருந்து இறங்கிக் குமட்டிக்கொண்டிருந்த ஸ்ரீரங்கனும் சிரித்தார். பாயும் மரமும் பொய் சொல்லவில்லை. குப்பனின் தராசு பொய் சொன்னாலும் ஒரே அளவில் சொன்னது. விஞ்ஞானத்துக்கு அது போதும்.

மார்ச் கடைசியில் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் டைப்பிங் கடை வைத்திருந்த மெட்டில்டா அடித்துக்கொடுத்தாள். பச்சைக் காலிகோ அட்டை, பொன்னெழுத்து, நான்கு பிரதிகள். முப்பத்தொன்றாம் தேதி பெரிய வியாழன். மறுநாள் பெரிய வெள்ளி, அலுவலகம் கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்கு நான்கையும் பையில் வைத்துக்கொண்டு சாவித்ரி கேட்டைத் திறந்தபோது கூடை காலியாகியிருந்தது. பெரிய வெள்ளிக்குக் கறி ஆகாது, மீன் பறந்துவிட்டது.

"புஸ்தகம் வந்துட்சா? கொண்டா, பாப்போம்." செல்வமேரி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தொடவில்லை, எட்டிப் பார்த்தாள். "எங்க பேரு கீதா இதுல?"

"இருக்கே! நன்றின்னு முதல் பக்கத்துல." சாவித்ரி விரித்து, தமிழாக்கிச் சொன்னாள். பகவான், கைடு, கல்லூரி முதல்வர், படகில் ஏறிய கணவர், மாடிக் காற்றின் நேரம் சொன்ன திருமதி காமு, தராசு கொடுத்த, பெயர் சொல்ல விரும்பாத நண்பர். "அப்புறம், பாயின் அளவு, பயண நேரம், காற்றின் போக்கு பற்றிய விலைமதிப்பற்ற தகவல்களுக்காக, கோவளம் மீனவர் திரு. ஏசுபாதம் அவர்களுக்கு."

செல்வமேரி கடைசிவரை கேட்டாள். பிறகு, "அவரு இன்னா சொன்னாரு?" என்றாள்.

"அதான்... பாய் அளவு..."

"அந்தாளுக்குக் கஜம்னா இன்னான்னே தெரியாது! தெச்சவ நானு. வாட்ச்ச கட்டிகினு கரையில நின்னவ நானு. அந்தத் தார்ப்பாய் கதை... அவரு பொறந்ததுல இருந்து டெம்போல ஏறினது கெடையாது டீச்சரம்மா!" கோபமே இல்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். "நாலு மாசமா உன் வாசல்ல நின்னு கத்திகினு கீறது அவரா?"

சாவித்ரிக்கு நோட்டின் ஒவ்வொரு பக்கத் தலைப்பும் கண்முன் வந்தது. தகவல்: ஏசுபாதம். தகவல்: ஏசுபாதம்.

"வுடு வுடு. மூஞ்சி ஏன் இப்டி போவுது? அவரு பேரு போட்டா எம்பேரு போட்ட மாதிரிதான். எத்தினி மணிக்கு குடுக்கணும்?"

"நாலு."

"அப்ப நிக்காத. கெளம்பு."

செல்வமேரி கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். சாவித்ரியும் பஸ்ஸில் ஏறினாள். 'அவர் பேர் போட்டா என் பேர் போட்ட மாதிரி.' என்ன சார், உங்க தீசிஸ் எப்படிப் போறது? வருஷக்கணக்காக எதைக் கேட்டுப் பல்லைக் கடித்தாளோ, அதையே அழகாக டைப் அடித்து, பொன்னெழுத்து அட்டை போட்டு, பையில் வைத்திருந்தாள்.

தாம்பரத்தில் இறங்கியவள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. மெட்டில்டா கடையைப் பாதி இறக்கிவிட்டிருந்தாள்.

"இன்னும் ஒரு பக்கம்!"

"பைண்ட் பண்ணியாச்சே மேடம். பைத்தியமா உங்களுக்கு? நான் பூசைக்குப் போகணும்."

"பூசை சாயங்காலம்தானே. மெட்டில்டா, ப்ளீஸ். ஒரே ஒரு பேர் விட்டுப்போச்சு."

"யாரு? பிரின்ஸிபாலா?" அதுதான் காரணமாக இருக்கும் என்று மெட்டில்டா மனசிரங்கி மெஷினைத் திறந்தாள். பெயரைப் பார்த்ததும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்ட ஆரம்பித்தாள். கார்பன் வைத்து ஐந்து: ஒட்ட நான்கு, கைவசம் ஒன்று. முதல் தடவை ஒரு பிழை, மறுபடி. பழைய பக்கத்தை பிளேடால் ஓரம் விட்டு நறுக்கி, அந்த ஓரத்தில் கோந்து தடவிப் புதுப் பக்கத்தை ஒட்டினார்கள். முடிந்தபோது இரண்டு மணி.

"காயாம மூடிடாதீங்க. எல்லாப் பக்கமும் ஒட்டிக்கும்," என்றாள் மெட்டில்டா.

இரண்டு பத்து மின்சார ரயிலில் மகளிர் பெட்டி, ஜன்னல் ஓரம். சாவித்ரி முதல் பிரதியை விரித்து ஜன்னல் காற்றில் பிடித்தாள். குரோம்பேட்டை வருவதற்குள் ஒன்று காய்ந்தது. பரங்கிமலையில் இரண்டாவது. சைதாப்பேட்டைக்கு முன்னால் ரயில் நின்றது. காற்றும் நின்றது. ஐந்து நிமிஷம், பத்து, பதினைந்து. வெயில் தகித்தது, மூன்றாவது பிரதியின் கோந்து பளபளவென்று அப்படியே இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இன்னா ஆச்சும்மா?" எதிரே முருங்கைக்காய் மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டாள்.

சொன்னாள். பாய், குதிரை எல்லாம் இல்லை. கோந்தும் நாலு மணியும் மட்டும்.

"இதுக்கா அழுவுற? கொண்டா இப்டி." அந்த அம்மாள் ஒரு பிரதியைப் பிடித்தாள். பக்கத்திலிருந்த ஆபீஸ்காரப் பெண் மடியிலிருந்த வாரப் பத்திரிகையால் விசிறினாள். இன்னொருத்தி அடுத்த பிரதியைப் பிடித்துக்கொண்டு முந்தானையால் விசிறினாள். பெயர் தெரியாத மூன்று பேர், என்ன புத்தகம் என்றுகூடக் கேட்காமல், இருபத்தைந்து நிமிஷம் கை வலிக்கக் காற்று உண்டாக்கினார்கள். அவர்கள் பெயரையும் சேர்க்க வேண்டுமானால் இன்னொரு பக்கம் ஒட்ட வேண்டியிருக்கும்.

ரயில் நகர்ந்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசாமல் ஏறி, மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி அந்தக் கவுன்ட்டர் முன்னால் நின்றபோது மூன்று ஐம்பத்திரண்டு. குமாஸ்தா ஒவ்வொரு பிரதியாகப் புரட்டினார். நான்காவதில் நன்றிப் பக்கம் அடுத்த பக்கத்தோடு லேசாக ஒட்டியிருந்தது. ஸ்கேலை நுழைத்துப் பக்குவமாகப் பிரித்தார். பிரிக்கும் சாக்கில் படித்தும்விட்டார்.

"செல்வமேரி... வெறும் மிஸஸ்னு போட்டிருக்கே மேடம். டாக்டரா, புரொபசரா?"

"கோவளம் சார்."

"அங்க காலேஜ் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே முத்திரை குத்தினார். டப், டப், டப், டப். சாவித்ரி பெஞ்சில் உட்கார்ந்து அன்றைக்கு முதன்முறையாகத் தண்ணீர் கேட்டாள். குமாஸ்தா தன் கூஜாவிலிருந்தே கொடுத்தார்.

ஆய்வேடு தேறியதும், ஜூலையில் வேலை நிரந்தரமானதும், மொத்தத் தெருவுக்கும் கல்கண்டு சாதம் போனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரு கோட்டைவிட்டது ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமையைத்தான். காமு மாமி அன்று மாம்பலத்தில் ஒரு சீமந்தத்துக்குப் போயிருந்தாள்.

அன்று பதினொன்றரைக்கு சாவித்ரி கேட்டைத் தாண்டி வெளியே வந்து, மீன்செதில் சிதறிய தரையில், கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் வரை புடவையில் மீன் வாடை ஏறட்டும் என்று உட்கார்ந்தாள். கையில் நன்றிப் பக்கத்தின் கார்பன் பிரதி.

"கேளு. 'பாயைத் தைத்து அதன் அளவைச் சொன்னவரும், இரண்டு வாரம் கரையில் நின்று நேரத்தை அளந்தவரும், என் கணக்கிலிருந்த பெரிய பிழையைக் கண்டுபிடித்தவருமான கோவளம் திருமதி செல்வமேரிக்கு இந்த ஆய்வு கடன்பட்டிருக்கிறது.'"

செல்வமேரி கத்தியைக் கீழே வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னாள்.

"இங்கிலீஷ்ல சொல்லு."

இங்கிலீஷில் சொன்னாள். நடுவில் தன் பெயர் வந்த இடத்தில் செல்வமேரி தலையை ஆட்டினாள்.

"பிழைய கண்டுபிடிச்சவன்னு போட்டுகினியே, உனக்கு மார்க்கு கொறைக்க மாட்டாங்களா?"

"குறைச்சா குறைக்கட்டும்."

"ம்." கத்தியை மறுபடி எடுத்தாள், உடனே ஏதோ நினைவு வந்தவளாய் நிறுத்தினாள். "அய்யய்யோ, அவரு பேரு? எடுத்துட்டியா? மரத்த குடுத்த மனுசன், கோச்சுக்குவாரும்மா."

"இருக்கு, இருக்கு. உன் பேருக்குக் கீழ, ரெண்டாவதா."

"ரெண்டாவதாவா?" செல்வமேரியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "இன்னிக்கு சோத்த போட்டுட்டு, சாப்பிடறப்போ சொல்றேன்."